சம்பளமில்லாத வேலைக்கு எந்த விசா?

வேறு நாட்டுக்குப் போய்த் தன்னார்வப் பணி செய்வது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். நிறையவே வந்தன. என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மருத்துவக் கருவிகள் பழுதுபார்க்கும் டெக்னீஷியனாக இரண்டு ஆண்டுகள் வேறொரு நாட்டில் தன்னார்வலராக இருந்தேன். திரும்பி வந்த பிறகு பதினான்கு ஆண்டுகள், அப்படிப் போகிறவர்களைத் தேர்ந்தெடுத்துத் தயார்ப்படுத்தி அனுப்பும் ஓர் அமைப்பில் வேலை பார்த்தேன். கீழே இருப்பதெல்லாம் அந்தப் பதினாறு ஆண்டுகளில் பார்த்ததும் படித்ததும்தான்.

அக்கா, படிப்பு முடிந்து ஆறு மாதம் கையில் இருக்கிறது. வெளிநாட்டில் ஒரு பள்ளியில் தன்னார்வலராக இருக்க ஏஜென்சி ஒன்று ஏற்பாடு செய்கிறது. "டூரிஸ்ட் விசா போதும். ஏர்போர்ட்டில் கேட்டால் சுற்றிப்பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள். சம்பளம் வாங்காததால் அது வேலையே ஆகாது" என்கிறார்கள். சரிதானா?
— இறுதியாண்டு மாணவி

சரியில்லை. அந்த ஏஜென்சியிடம் இதற்கு மேல் பேச வேண்டாம்.

முதல்முறை போனபோது எனக்கும் இதே யோசனையைத்தான் சொன்னார்கள். அழைப்புக் கடிதத்தில் "எங்கள் விருந்தினர்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். இமிகிரேஷனில் என் பையைத் திறந்தார்கள். மல்டிமீட்டர், காஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ், செம்புக்குழாய் வெட்டும் கருவி, ஒரு டப்பா நிறைய ஃபியூஸ். "சுற்றிப்பார்க்க வந்தவருக்கு இதெல்லாம் எதற்கு?" என்று அந்த அதிகாரி கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னேன். அவர் தன் முன்னால் இருந்த படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சுற்றுலா, வியாபாரம், வேலை, படிப்பு என்று நான்கு கட்டங்கள். "இதில் எதில் டிக் போடட்டும், நீங்களே சொல்லுங்கள்" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, அவருக்கே தெரியவில்லை.

இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு ஒரு மாதத்துக்கு மட்டும் முத்திரை குத்தி அனுப்பினார். அப்புறம் மாதாமாதம் நீட்டிப்புக்காகத் தலைநகருக்குப் பஸ் ஏறினேன். போக ஒரு நாள், வர ஒரு நாள், அங்கே வரிசையில் ஒரு நாள். முறையான அனுமதி கையில் கிடைத்தது ஏழாவது மாதத்தில்.

அந்த அதிகாரி மீது எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. என்னைப் போன்றவருக்கு அந்த நாட்டின் சட்டத்தில் ஒரு கட்டம் போட யாரும் நினைக்கவில்லை. நான் இந்தக் கேள்வி-பதிலில் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் இதைத்தான். தன்னார்வலருக்குச் சட்டத்தில் ஓர் இடம் வேண்டும். அதை அரசால் மட்டும்தான் தர முடியும்.

"சம்பளம் இல்லை, அதனால் வேலை இல்லை" என்ற வாதத்தைப் பல நாடுகளின் சட்டம் ஏற்பதில்லை. நீங்கள் வகுப்பெடுத்தால், அந்த வகுப்பை எடுக்கக்கூடிய உள்ளூர் ஆசிரியர் ஒருவர் இருப்பாரே! பிரிட்டனில் பார்வையாளராக வந்தவர் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் 30 நாள் வரை தன்னார்வப் பணி செய்யலாம். அதற்கு மேல் என்றால் அதற்கென்றே தனி விசா இருக்கிறது. உரிமம் பெற்ற அமைப்பு ஒன்று பொறுப்பேற்க வேண்டும், அதிகபட்சம் 12 மாதம். ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் கொண்டுவந்த 2016/801 என்ற நெறிமுறையில் மாணவர், ஆராய்ச்சியாளர் வரிசையில் தன்னார்வலரையும் தனி வகையாகவே சேர்த்தார்கள். ஒன்றியத்தின் சொந்தத் தன்னார்வத் திட்டத்தில் வருகிறவர்களுக்கு அந்த வகையில் அனுமதி தர வேண்டும் என்பது உறுப்பு நாடுகளுக்குக் கட்டாயம். மற்ற தன்னார்வலர்கள் விஷயத்தில் அந்தந்த நாட்டின் விருப்பம்.

அந்த நெறிமுறை ஓர் ஒப்பந்தம் கேட்கிறது. என்ன பணி, எத்தனை நாள், எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை, தங்க இடமும் சாப்பாடும் கைச்செலவுப் பணமும் எங்கிருந்து வரும், என்ன பயிற்சி தருவார்கள் என்று எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். நீங்கள் எந்த நாட்டுக்குப் போவதாக இருந்தாலும் இதே விஷயங்களைக் கேட்டுக் கடிதம் எழுதுங்கள். நல்ல அமைப்பு ஒரு வாரத்தில் பதில் போட்டுவிடும். பதில் சொல்லாமல் "வாங்க, பார்த்துக்கலாம்" என்றால் போகாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்பதுகூடச் சின்ன விஷயம். தங்கியிருக்கும் வீட்டில் யாராவது உங்களிடம் தவறாக நடந்துகொண்டால் என்ன செய்வீர்கள்? பொய் சொல்லி உள்ளே வந்த பெண் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகத் தயங்குவாள். அப்படித் தயங்கிப் பேசாமல் இருந்த இருவரின் கதையை, அவர்கள் திரும்பி வந்த பிறகு, எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

தொண்டு என்றால் சொந்தக் காசில் செய்வதுதானே? ஒருவர் வெளிநாடு போய்ச் சேவை செய்ய அரசு ஏன் மக்கள் வரிப்பணத்தைச் செலவழிக்க வேண்டும்?
— ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி

நியாயமான கேள்வி சார். என் பதிலை ஒரு நேர்காணல் அறையிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு வருடம் இரண்டு இளைஞர்கள் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தார்கள். இருவரும் பிளம்பிங் படித்தவர்கள். ஒருவர் பணி பற்றி, நாடு பற்றி நிறையக் கேட்டார். மற்றவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "விசாவுக்குக் கட்டும் டெபாசிட் எத்தனை மாதத்தில் திரும்ப வரும்?" கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கைவேலையில் அவர்தான் கெட்டிக்காரர். சோதனைக்குக் கொடுத்த குழாய் இணைப்பை அவர் முடித்துத் துடைத்து வைத்தபோது ஒரு சொட்டு நீர் கசியவில்லை. ஆனால் எங்கள் அமைப்பிடம் அந்த டெபாசிட்டைக் கட்டப் பணம் இல்லை. அவர் போகவில்லை. மற்றவர் போனார்.

அரசு ஒதுங்கிக்கொண்டாலும் தன்னார்வப் பணி நடக்கும். ஆனால் அப்பாவிடம் பணம் இருக்கிறவர்கள் மட்டும் போவார்கள்.

இதைப் புரிந்துகொண்ட அரசுகள் இருக்கின்றன. ஜெர்மனி 2008-இல் "வெல்ட்வெர்ட்ஸ்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. 18 முதல் 28 வயதுக்காரர்கள், 6 முதல் 24 மாதம் வரை. செலவில் 75 சதவீதம் வரை அரசின் வளர்ச்சித் துறை தருகிறது. மீதியை அனுப்பும் அமைப்பு திரட்ட வேண்டும். எனக்குப் பிடித்தது அந்தச் சதவீதத்தைவிட இன்னொரு ஏற்பாடு. பிள்ளை வெளிநாட்டில் இந்தப் பணியில் இருக்கும் காலத்திலும் பெற்றோருக்கு வரும் குழந்தை நல உதவித்தொகை நிற்பதில்லை. மகனோ மகளோ போனால் வீட்டு வருமானம் குறையும் என்று பயப்படும் குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் "யூரோப்பியன் சாலிடாரிட்டி கோர்" திட்டத்துக்கு 2021 முதல் 2027 வரை 100 கோடி யூரோவுக்குச் சற்று அதிகமாக ஒதுக்கினார்கள். 18 முதல் 30 வயது வரை. பயணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, கைச்செலவு எல்லாம் அதில் அடங்கும். சம்பளம் கிடையாது. நீங்கள் சொல்கிற தொண்டு உணர்வு அங்கே அப்படியேதான் இருக்கிறது. ஒரு வருடக் காலத்தை அந்த இளைஞர் கொடுக்கிறார். அந்த வருடத்தில் அவர் கடனாளி ஆகாமல் அரசு பார்த்துக்கொள்கிறது.

சொந்தக் காசில், அரசு உதவி இல்லாமல் தொடங்கியவர்களும் உண்டு. அவர்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப்போர் முடிந்து, 1920-இல், பியர் செரெசோல் என்ற சுவிஸ் எஞ்சினியர் பல நாட்டு நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு பிரான்சில் வெர்டூன் பக்கத்தில் எஸ்ன் என்ற கிராமத்துக்குப் போனார். போரில் தரைமட்டமான ஊர் அது. குடில்கள் போட்டார்கள், சாலையைச் சரிசெய்தார்கள். அந்தக் குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். நேற்றுவரை எதிரியாக இருந்தவன் வந்து என் ஊரைக் கட்டுவதா என்று எதிர்ப்பு கிளம்பியது. சில மாதங்களில் முகாமை மூட வேண்டிவந்தது. மனம் இருந்தது, உழைப்பு இருந்தது. இரு நாடுகளுக்கிடையே அவர்களுக்குப் பாதுகாப்பாக ஓர் ஏற்பாடு இல்லை. அந்த முயற்சிதான் பிறகு சர்வதேசக் குடிமைச் சேவை என்ற இயக்கமாக வளர்ந்தது. 1934-இல் பீகார் பூகம்பத்துக்குப் பிறகு செரெசோலே அங்கு வந்து ஊர்களைத் திரும்பக் கட்டும் வேலையில் நின்றார்.

நான் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறேன். இப்படிப்பட்ட திட்டங்களில் எனக்கு இடம் உண்டா, அல்லது விண்ணப்பித்துப் பயனில்லையா?
— ஒரு வாசகி

கட்டாயம் விண்ணப்பியுங்கள். மேலே சொன்ன ஐரோப்பியத் திட்டத்தில் உங்களைப் போன்றவர்களுக்காகக் கூடுதல் செலவைத் தனியாகத் தருகிறார்கள். பணி தொடங்கும் முன்பே ஒருமுறை நேரில் போய் இடத்தைப் பார்த்துவர உதவியும் உண்டு. வாசலில் படி இருக்கிறதா, குளியலறைக் கதவு எத்தனை அகலம், பஸ்ஸில் ஏற முடியுமா என்பதையெல்லாம் உங்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம். வேறு எந்தத் திட்டமாக இருந்தாலும் இப்படி ஒரு முன்பயணத்தைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை என்று நினைத்துக் கேளுங்கள், தயங்காதீர்கள்.

செவிலியராக இருக்கிறேன். ஒரு வருடம் வேறு நாட்டில் தன்னார்வப் பணி முடித்துத் திரும்பினேன். பணிமூப்பு போய்விட்டது, ஓய்வூதியக் கணக்கிலும் ஒரு வருடம் ஓட்டை. "ஊர் சுற்றப் போனாய்" என்கிறார் மேலதிகாரி. நான் செய்தது தவறா?
— ஒரு செவிலியர்

நீங்கள் தவறு செய்யவில்லை அம்மா. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

போகும்போது மாலை போடுகிறோம். திரும்பி வருகிறவரை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கும் இதுதான் நடந்தது. இரண்டு ஆண்டு முடிந்து நான் வாங்கி வந்த சான்றிதழில் "இவர் எங்களுடன் இருந்தார், நன்றாகப் பழகினார்" என்று ஒரே வாக்கியம். அதை வைத்துக்கொண்டு எட்டு மாதம் வேலை தேடினேன். எத்தனை குளிர்பெட்டி சரிசெய்தேன், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தேன் என்று அதில் ஒரு எழுத்து இல்லை.

சட்டம் இருந்தால் இது மாறும். பிரான்சில் 2005 பிப்ரவரி 23-ஆம் தேதிச் சட்டம் ஒன்று சர்வதேசத் தன்னார்வலருக்கென்றே தனி ஒப்பந்தத்தை உருவாக்கியது. அது வேலை ஒப்பந்தம் அல்ல, ஆனாலும் சமூகப் பாதுகாப்பு உண்டு. ஜப்பானில் 1965-இலிருந்து நடக்கும் வெளிநாட்டு ஒத்துழைப்புத் தன்னார்வலர் திட்டத்தில், ஆசிரியர்கள் தங்கள் பதவியை விடாமலே போய்வரத் தனி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். திரும்பி வந்து அதே பள்ளியில், தான் பார்த்த நாட்டைப் பற்றி அந்த ஆசிரியர் பாடம் நடத்தலாம். அமெரிக்க அரசு வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் திட்டமான அமைதிப் படையில் (பீஸ் கோர்) பயிற்சியும் சேர்த்து 27 மாதம். முடித்து வருகிறவருக்கு மறுவாழ்வுக்காக ஒரு தொகை உண்டு. அதோடு ஒரு வருடத்துக்கு, வழக்கமான போட்டி வரிசையில் நிற்காமலே மத்திய அரசு வேலைக்கு அவரை எடுத்துக்கொள்ள முடியும்.

இதில் எதுவும் உங்கள் கையில் இப்போது இல்லை என்பது தெரியும். உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று. நீங்கள் பணி செய்த இடத்துக்கு எழுதி, எந்த வார்டு, எத்தனை மணி நேரம், என்னென்ன பொறுப்பு, யார் மேற்பார்வை என்று விவரமாக ஒரு கடிதம் கேளுங்கள். தேதிகள் தெளிவாக இருக்கட்டும். நீங்களே வரைவு எழுதி அனுப்பினால் அவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வசதியாக இருக்கும். அந்தக் கடிதத்தோடு பணிமூப்பைப் பற்றி எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்ன மறுப்புக்கு மேல்முறையீடு செய்ய முடியாது. எழுத்தில் மறுத்தால் செய்யலாம்.

இனிப் போகப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: அந்தக் கடிதத்தை அங்கிருந்து கிளம்பும் முன்பே வாங்குங்கள்.

எங்கள் பள்ளிக்கு வெளிநாட்டிலிருந்து தன்னார்வலர்கள் வருகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருவர். ஒவ்வொருவரும் முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறார்கள். குழந்தைகள் பழகிய நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். நன்கொடை வருவதால் நிர்வாகம் பேசாமல் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்வது நன்றிகெட்டதனமா?
— ஒரு தலைமையாசிரியர்

எனக்கு வந்த கடிதங்களில் முக்கியமானது இதுதான். நன்றிகெட்டதனம் இல்லவே இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களிடம் இருந்தால்தான் வரச் சொல்வதற்கும் மதிப்பு.

நான் போன சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி ஒன்று இருந்தது. தடுப்பூசிகளில் பெரும்பாலானவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அந்தப் பெட்டி மதியத்தில் 13-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் வந்திருந்த தன்னார்வலர் கம்ப்ரஸரை மாற்றிவிட்டுப் போயிருந்தார். அதற்கும் முன்னால் வந்தவர் தெர்மோஸ்டாட்டை மாற்றியிருந்தார். நானும் கருவிகளை விரித்து வைத்துக்கொண்டு காஸ் அழுத்தம் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அங்கே வேலை செய்த உதவியாளர் அம்மா ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் ஒரு தாளைக் கொண்டுவந்து கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்து மூடினார். தாளை இழுத்தார். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. கீழ்மூலையில் கதவின் ரப்பர் பட்டை நெளிந்து போயிருந்தது. "இது போன வருடமே எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை" என்றார்.

ரப்பர் பட்டையை வெந்நீரில் போட்டு இளக்கி, நேராக்கி, மறுபடி பொருத்தினோம். பெட்டி 5 டிகிரியில் நின்றது. மீதிக் காலம் முழுவதும் நான் அந்த அம்மாவுக்கு மல்டிமீட்டர் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். காலை, மாலை இரண்டு வேளையும் வெப்பநிலையை நோட்டில் எழுத அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர் ஏற்கெனவே எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில்.

என்னை அனுப்ப விமானக் கட்டணம், காப்பீடு, பயிற்சி என்று எவ்வளவோ செலவு. அந்த அம்மாவுக்கு ஒரு நாள் பயிற்சிக்குக்கூட யாரும் பணம் ஒதுக்கியிருக்கவில்லை. அரசு உதவி என்று பேசும்போது அனுப்பும் பக்கத்தை மட்டும் பேசினால் இப்படித்தான் ஆகும். உங்கள் பள்ளியில் நடப்பதும் இதுவே. என்ன தேவை, எத்தனை நாளுக்குத் தேவை, வருகிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை நீங்கள் எழுதித் தந்து, அதற்கு ஏற்ற ஆள் இருந்தால் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். மூன்று மாதக்காரர் வந்தே தீர வேண்டும் என்றால், வகுப்பைக் கொடுக்காதீர்கள். நூலகத்தை ஒழுங்குபடுத்துவது, உங்கள் ஆசிரியர்களுக்குக் கணினி சொல்லித்தருவது போன்ற, தொடங்கி முடிக்கக்கூடிய வேலையைக் கொடுங்கள்.

குழந்தைகள் காப்பகங்களில் நிலைமை இன்னும் மோசம். வெளிநாட்டுத் தன்னார்வலரும் நன்கொடையும் வருகின்றன என்பதற்காகவே பெற்றோர் உயிருடன் இருக்கும் பிள்ளைகளைக் கொண்டுவந்து காப்பகத்தில் வைப்பது சில நாடுகளில் நடந்திருக்கிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, குழந்தை உரிமைகள் பற்றிய தீர்மானத்தில், காப்பகங்களில் நடக்கும் தன்னார்வத் திட்டங்களால் வரும் தீங்கைத் தடுக்க நடவடிக்கை எடுக்கும்படி நாடுகளிடம் சொன்னது. இளைஞர்கள் ஆசையாக "அநாதைக் குழந்தைகளுடன் ஒரு மாதம்" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறார்கள். தயவுசெய்து கட்டாதீர்கள்.

இன்னொரு விஷயம், உங்கள் ஊர் ஆசிரியர்கள் அந்தப் பக்கம் போவதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேளுங்கள். ஜெர்மனி அந்த வெல்ட்வெர்ட்ஸ் திட்டத்தில் 2013 முதல் வளரும் நாடுகளின் இளைஞர்களைத் தன் நாட்டுக்கும் வரவழைக்கிறது. நார்வே அரசின் பரிமாற்ற அமைப்பான "நோரெக்" இருபக்கமும் ஆள் பரிமாறிக்கொள்வதையே வழக்கமாக வைத்திருக்கிறது. ஒருவழிப் பாதையாக இருந்தது இருவழியாக மாறினால், விருந்தாளி வந்துபோகிற உறவு மாறி, சக ஊழியர் உறவு ஆகும்.

ஹாம் ரேடியோ (தனிநபர் வானொலித் தொடர்பு) உரிமம் வைத்திருக்கிறேன். பக்கத்து நாட்டில் பூகம்பம் என்றால் கருவிகளோடு உடனே கிளம்பிவிடலாமா?
— ஒரு வாசகர்

உங்கள் வேகம் புரிகிறது, ஆனால் அழைப்பு இல்லாமல் கிளம்ப வேண்டாம். 2015-இல் நேபாளத்தில் பூகம்பம் வந்தபோது காட்மாண்டு விமான நிலையத்துக்கு ஒரே ஒரு ஓடுபாதைதான். நிவாரண விமானங்கள் இறங்க இடமில்லாமல் திணறின. அழைக்காமல் போகும் ஒவ்வொருவரும் அங்கே ஒரு படுக்கையையும் ஒரு வேளைச் சாப்பாட்டையும் பாதிக்கப்பட்டவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்.

உங்கள் துறைக்கு நல்ல ஏற்பாடே இருக்கிறது. 1998-இல் கையெழுத்தாகி 2005-இல் நடைமுறைக்கு வந்த தாம்பரே உடன்படிக்கை, பேரிடர் நேரத்தில் தொலைத்தொடர்புக் கருவிகளும் அவற்றை இயக்குகிறவர்களும் எல்லை கடக்கும்போது உரிமம், சுங்கம் போன்ற தடைகளைக் குறைக்க வழி செய்கிறது. ஆனால் பாதிக்கப்பட்ட நாடு கேட்ட பிறகுதான் எல்லாம். மீட்புக் குழுக்களுக்கும் இதே கதை. 1988 ஆர்மீனியா பூகம்பத்தில் உதவ வந்தவர்களே ஒருவரோடொருவர் முட்டிக்கொண்ட அனுபவத்துக்குப் பிறகு, 1991-இல் இன்சராக் என்ற சர்வதேச ஒருங்கிணைப்பு அமைப்பு உருவானது. குழுக்களைத் தரம் பிரித்து முன்கூட்டியே சோதித்து வைக்கிறார்கள். உங்கள் நாட்டின் ஹாம் சங்கத்தில் பேரிடர்க் குழு இருந்தால் இன்றே பெயர் கொடுங்கள். பூகம்பம் வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை.

காப்பீட்டில் என்ன பார்க்க வேண்டும்?
— பெற்றோர் ஒருவர்

மூன்று கேள்வி கேளுங்கள். நோய் வந்தால் விமானத்தில் ஏற்றி நாட்டுக்குக் கொண்டுவரும் செலவு அதில் உண்டா? உங்கள் பிள்ளையின் தவறால் அங்கே யாருக்காவது காயமோ இழப்போ ஏற்பட்டால் அதற்கு உண்டா? திட்டமே பாதியில் நின்றால் திரும்பும் செலவு யார் தலையில்? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2020 மார்ச்சில் அமெரிக்க அமைதிப் படை தன் வரலாற்றிலேயே முதல்முறையாக உலகம் முழுவதிலிருந்தும் சுமார் 7,000 தன்னார்வலர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அரசு பின்னால் இருந்ததால் அவர்களுக்கு விமானம் கிடைத்தது. சொந்தமாகப் போயிருந்த பலர் டிக்கெட்டுக்காகத் தவித்த அந்த வாரங்களில் எங்கள் அலுவலக போன் ராத்திரி பூராவும் அடித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதைப் பற்றி மனு கொடுக்க நினைக்கிறோம். என்ன கேட்பது?
— கல்லூரித் தன்னார்வக் குழு

நல்ல காரியம். நேரமும் பொருத்தம்தான், 2026-ஐ நீடித்த வளர்ச்சிக்கான சர்வதேசத் தன்னார்வலர் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. விழா நடத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். விசாச் சட்டத்தில் தன்னார்வலர் என்று தனி வகை, வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும், கட்டணம் இல்லாமல். திரும்பி வருகிறவரின் பணிமூப்பும் ஓய்வூதியமும் அறுபடாமல் இருக்க ஒரு விதி. அரசு பணம் தரும் எந்தத் திட்டத்திலும் வரவேற்கும் அமைப்புக்கென்று ஒரு பங்கு, அதன் தேவையை அதுவே எழுதித் தரும் உரிமை. இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

கூடவே ஒரு எச்சரிக்கை. ஐரோப்பியக் கவுன்சில் 2000 மே மாதம் ஸ்ட்ராஸ்பூர்கில் இளைஞர்களின் நீண்டகால எல்லை தாண்டிய தன்னார்வச் சேவைக்கென்றே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. நல்ல உடன்படிக்கை. போதுமான நாடுகள் உறுதிப்படுத்தாததால் அது நடைமுறைக்கு வரவே இல்லை. அதனால் மனு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டதோடு நிறுத்தாதீர்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி போய், "எங்கள் மனு எந்த மேசையில் இருக்கிறது?" என்று கேளுங்கள். அப்புறமும் மூன்று மாதம் கழித்துப் போங்கள்.

எனக்கு 61 வயது. கணக்குத் தணிக்கையாளராக இருந்தேன். இனிமேல் முடியுமா?
— ஒரு வாசகி

முடியும். ஜப்பானின் திட்டத்தில் 69 வயது வரை எடுக்கிறார்கள். அமெரிக்க அமைதிப் படையில் மேல்வரம்பே இல்லை. இரண்டுமே அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்குத்தான். வெளியே போக உடம்பு இடம் தராவிட்டால், ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு 2000-இலிருந்து இணையவழிப் பணிகளை வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தபடியே இன்னொரு நாட்டுச் சிறு அமைப்பின் கணக்குப் புத்தகத்தைச் சரிசெய்து தரலாம். அந்த வேலைக்கு விசா தேவையில்லை. தணிக்கை தெரிந்தவர் கிடைக்காமல் எத்தனையோ சின்ன அமைப்புகள் திண்டாடுகின்றன. இந்த வாரமே பதிவு செய்யுங்கள். எந்த வேலை கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள்.